இருவர் சேர்ந்து ஈட்டும் பிழைப்பு



மார்க்கச் சட்ட விளக்கங்களையும் பிள்ளை வளர்ப்பையும் எழுதி வந்த நாம், இம்முறை டென்னிஸ் விளையாட்டைப் பற்றி எழுதுவதைக் கண்டு வாசகர்கள் வியக்கக்கூடும். நமக்கே வியப்புத்தான். சென்ற ஆண்டுவரை, அதில் ஒருவர் ஆடும் ஆட்டம் ஒன்று, இருவர் இணைந்து ஆடும் ஆட்டம் ஒன்று என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. நமது தங்கையின் மகன் அந்த இரண்டாவது ஆட்டத்தையே தன் பிழைப்பாகக் கொள்ளப்போவதாகச் சொன்னபோதுதான் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது.

2025 பிப்ரவரி, ஷஅபான் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. இரும்புலியூரில் உள்ள நமது வீட்டுக்கு மச்சான் இஷாவுக்குப் பின் வந்தார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் குழாய், பிட்டிங்ஸ் விற்கும் கடை அவருடையது. மகனுக்கு வயது இருபத்திரண்டு. பத்து வயதில் மட்டையைப் பிடித்தவன். கல்லூரி முடிந்து ஓராண்டு ஆகியும் கடைக்கு வரவில்லை. “அவன் நீங்கள் சொன்னால் கேட்பான், மச்சான். ரமலானுக்குள் கடையில் உட்காரச் சொல்லுங்கள். என் முழங்கால் இனி ஏணி ஏறாது. உங்கள் தங்கையின் வளையல் நான்கும் போயாகிவிட்டது” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

சரி, சொல்கிறோம் என்று வாக்களித்துவிட்டோம். பந்தடித்துப் பிழைப்பதும் ஒரு பிழைப்பா என்ற எண்ணம் நம் உள்ளத்திலும் இருந்தது. இத்தனைக்கும், ஓதிக்கொடுத்துப் பிழைக்கப் போகிறாயா என்று நம்முடைய அத்தா நம்மிடம் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டவர்தாம்.

மருமகனை அழைத்துப் பேச முற்பட்டபோது அவன் ஒன்றே ஒன்று கேட்டான். “மாமா, மறுக்குமுன் ஒரு நாள் என்னோடு வந்து பாருங்கள்.” அந்த வாரம் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் சேலஞ்சர் போட்டி நடந்துகொண்டிருந்தது. அவன் அதில் ஆடவில்லை. அவனுடைய தரவரிசைக்கு அங்கே இடமில்லை. மதரஸாவில் ஒருநாள் விடுப்புப் பெற்றுக்கொண்டு, தாம்பரத்தில் மின்ரயில் ஏறினோம். நுங்கம்பாக்கம் வரை அந்த ஒரே வண்டி போதும். அந்தப் பயணத்தில்தான் நமக்குப் பாடம் நடந்தது. ஆசிரியர் அவன், மாணவர் நாம்.

இந்த விளையாட்டு பல தட்டுகளைக் கொண்டது. தொலைக்காட்சியில் நாம் காணும் விம்பிள்டன் போன்றவை உச்சித் தட்டு. அதற்குக் கீழே ஏடிபி சுற்றுப் போட்டிகள். அதற்கும் கீழே சேலஞ்சர். 50, 75, 100, 125, 175 என்று வகுத்திருக்கிறார்கள், அந்த எண்ணே வெற்றியாளருக்குக் கிடைக்கும் புள்ளி. அடித்தட்டில் இருப்பவை சர்வதேசக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகள். எம்15 என்றால் ஒற்றையர், இரட்டையர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பரிசுத் தொகை 15,000 டாலர். அதற்கு அடுத்தது எம்25. அந்தத் தொகையில் பெரும்பங்கு ஒற்றையருக்குப் போய்விடும். எம்15 போட்டியில் இரட்டையர் பட்டம் வென்ற இணைக்குக் கிடைப்பது இருவருக்கும் சேர்த்தே ஆயிரம் டாலருக்குள். நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றால்தான் அதுவும்.

அவன் ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினான். வட மாநிலம் ஒன்றில் ஒரு வாரம் ஆடியதன் கணக்கு அதில் இருந்தது. அரையிறுதி வரை சென்றதற்குப் பிடித்தம் போக அவன் பங்கு பதினோராயிரத்துச் சொச்சம். ரயில், விடுதி அறையில் பாதி, உணவு, பதிவுக் கட்டணம், மட்டைகளுக்கு ஸ்ட்ரிங் மாற்றியது என்று செலவு இருபத்தெட்டாயிரம். “இது நல்ல வாரம், மாமா” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாம் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கிண்டியில் கூட்டம் ஏறியது.

பணத்தைவிட நம்மைத் தைத்தது வேறொன்று. அடுத்த வாரம் ஆட இடம் கிடைக்குமா என்பதே இவர்களுக்கு உறுதியில்லை. போட்டியில் பதினாறு இணைகளுக்கே இடம். இணையில் இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைவாக உள்ளவர்களையே சேர்ப்பார்கள். இதில் ஒற்றையர் ஆட்டக்காரர் தம்முடைய ஒற்றையர் தரவரிசையையும் பயன்படுத்தலாம். ஒற்றையருக்காக வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம், இதையும் ஆடுவோம் என்று பெயர் கொடுத்தால், இரட்டையரை மட்டுமே நம்பி வந்த இணை பட்டியலில் கீழே தள்ளப்பட்டுவிடும். பையைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தபின், காத்திருப்போர் வரிசையில் நின்று, யாரேனும் விலகினால்தான் ஆட்டம். பெற்ற புள்ளியும் ஓராண்டுக்குத்தான் செல்லும். அடுத்த ஆண்டு அதே வாரம் அது கழிந்துவிடும். ஆகவே அசையாமல் நிற்பதற்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி ஓடியவர்கள் யார் என்று கேட்டோம். அவன் வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்வான் என்று எதிர்பார்த்தோம். சென்னைப் பெயர்களையே சொன்னான்.

ஜீவன் நெடுஞ்செழியன், நாவலர் நெடுஞ்செழியனின் பேரர் என்றால் மூத்த வாசகர்களுக்குப் புரியும். 2017 ஜனவரியில் இதே நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பனில் ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து தம் முதல் ஏடிபி பட்டத்தை வென்றார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர்களும் இந்தியர்களே. பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும். மறு ஆண்டே அந்தப் போட்டி சென்னையை விட்டுப் புனேவுக்குப் போய்விட்டது. ஜீவனுக்கு அடுத்த பட்டம் எப்போது தெரியுமா? 2024 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோவில். இடையில் ஏழு ஆண்டுகளுக்கும் மேல். 2018இல் செங்டுவில் ஓர் இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். மற்றபடி அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி சேலஞ்சர் போட்டிகளில், நம்மில் எவரும் செய்தித்தாளில் படித்திராத ஊர்களில் கழிந்தது.

ஹாங்சோவில் அவரோடு நின்றவர் இன்னொரு சென்னைக்காரர், விஜய் சுந்தர் பிரசாந்த். அவருக்கு அது முதல் ஏடிபி பட்டம். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. அந்த இறுதியாட்டத்தில் முதல் செட்டை ஜெர்மானிய இணையிடம் 4-6 என இழந்தார்கள்; இரண்டாவதை 7-6 என மயிரிழையில் மீட்டார்கள். இரட்டையரில் மூன்றாவது செட் முழுமையாக ஆடப்படுவதில்லை; பத்துப் புள்ளி வரை செல்லும் ஒரு நீண்ட டை-பிரேக்கில் முடித்துவிடுகிறார்கள். அதை 10-7 என்று வென்றார்கள். இரண்டு ஆயுட்காலங்களின் உழைப்பு பதினேழு புள்ளிகளில் தீர்க்கப்பட்டது. நாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம், பதினேழே பதினேழு.

கோவையின் ஸ்ரீராம் பாலாஜியையும் சொன்னான். ஆண்டுக்கணக்கில் கீழ்த்தட்டுகளில் உழன்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணா தமக்கு இணையாக அவரைத் தேர்ந்தார். முதல் சுற்றிலேயே பிரெஞ்சு இணையிடம் தோற்றுத் திரும்பினார்கள்.

நம் சமுதாயத்தார் யாரேனும் உண்டா என்று கேட்டோம். மதரஸா ஆசிரியர் கேட்கக்கூடிய கேள்விதானே. கவுஸ் முஹம்மது 1939இல் விம்பிள்டன் ஒற்றையர் காலிறுதியை எட்டினார், அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியர் அவரே. கொல்கத்தாவின் அக்தர் அலியும் அவர் மகன் ஜீஷான் அலியும் டேவிஸ் கோப்பையில் ஆடியவர்கள், பின்னர் பயிற்சியாளர்களாகவும் இருந்தவர்கள். இவர்களைப் பற்றிப் பேசும்போது மருமகன் அளவாகவே பேசினான். பாகிஸ்தானின் ஐசாமுல் ஹக் குறைஷியைச் சொல்லும்போதுதான் அவன் முகம் மலர்ந்தது. ஐசாமும் நம் நாட்டின் போபண்ணாவும் இணைந்து 2010 அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம் வரை சென்றார்கள். அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டையும் டை-பிரேக்கில்தான் இழந்தார்கள். போரை நிறுத்தி டென்னிஸ் ஆடுவோம் என்ற வாசகத்தை உடையில் ஏந்தி ஆடினார்கள். அவ்வாண்டு ஆர்தர் ஆஷ் பெயரிலான மனிதநேய விருது இருவருக்கும் கிடைத்தது. இரு நாடுகளும் பேசிக்கொள்ளாத நாட்களிலும் அவர்கள் இருவரும் புள்ளிக்குப் புள்ளி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரங்கை அடைந்தோம். பெரிய அரங்கில் ஒற்றையர் ஆட்டம். இரட்டையர் ஆட்டத்தைப் பக்கத்து ஆடுகளம் ஒன்றில் வைத்திருந்தார்கள். வெயிலில் நம்மையும் சேர்த்து முப்பது பேர் இருந்தால் அதிகம். ஜிப்பாவும் தொப்பியுமாக நாம் அமர்ந்ததைப் பந்து பொறுக்கும் சிறுவன் ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

முதலில் நமக்குப் பந்து மட்டுமே தெரிந்தது. “பந்தைப் பார்க்காதீர்கள் மாமா, வலைக்கருகில் நிற்பவரின் முதுகைப் பாருங்கள்” என்றான். பார்த்தோம். சர்வீஸ் போடுபவர் பின்னால் நிற்க, முன்னால் நிற்பவர் தம் கையை முதுகுப்புறம் மறைத்து விரல்களால் ஏதோ காட்டுகிறார். பந்து எங்கே விழ வேண்டும், தாம் எந்தப் பக்கம் பாயப்போகிறோம் என்பதற்கான சைகை அது. பின்னால் நிற்பவர் அதன்படி போட்டாக வேண்டும். போட்டுவிடுவார் என்று நம்பி முன்னால் நிற்பவர் திரும்பிப் பாராமல் பாய வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் கிட்டே வந்து, பந்தால் வாயை மறைத்துக்கொண்டு இரண்டு சொல் பேசுகிறார்கள். கேம் டியூஸில் நின்றால் இழுபறி கிடையாது. அடுத்த ஒரே புள்ளியில் முடிவு. அந்த ஒரு புள்ளியை இருவரில் ஒருவர் கெடுத்தால் இருவருக்கும் கெட்டது. கெடுத்தவரின் உள்ளங்கையை மற்றவர் தட்டிவிட்டுத் தம் இடத்துக்குப் போகிறார்.

அப்போது நமக்கு நினைவு வந்தது தராவீஹ். முன்னால் நின்று ஓதும் ஹாஃபிழைத்தான் ஜமாஅத் அறியும். அவருக்கு நேர் பின்னால் நிற்கும் சாமிஃ யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னவர் ஓர் இடத்தில் தடுமாறினால் அந்த நொடியே பின்னவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். முந்தினால் குழப்பம், பிந்தினால் பிழை. நாம் பதினோரு ரமலான்கள் சாமிஃஆக நின்றிருக்கிறோம். அந்த முப்பது இரவுகளுக்காக ஆண்டு முழுதும் இருவரும் ஒருவருக்கொருவர் ஓதிக்காட்டும் தவ்ர் என்னவென்று ஹிஃப்ழு பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரியும். இந்த இளைஞர்கள் செய்வதும் ஒருவகைத் தவ்ரே என்று சொல்ல நாவில் வந்தது. வணக்கத்தையும் விளையாட்டையும் ஒப்பிடுவது தகுமா என்று தயங்கி அப்போது சொல்லாமல் விட்டோம்.

அரங்கின் ஓரத்தில் ளுஹரைத் தொழுதுவிட்டுத் திரும்பும்போதுதான் அவன் கைப்பேசியை எடுத்துக் காட்டினான். அதற்காகவே நம்மை அழைத்து வந்திருக்கிறான் என்று பிறகு புரிந்தது.

மூன்று வாரங்களுக்கு முன் முன்பின் அறியாத ஒருவர் ஆங்கிலத்தில் அனுப்பிய செய்தி. குறிப்பிட்ட ஆட்டத்தில் முதல் செட்டை விட்டுக்கொடுத்தால் இன்ன தொகை. அந்தத் தொகை, அவன் நோட்டில் இருந்த நல்ல வாரத்தைப் போல் பத்து வாரங்களுக்குச் சமம். செய்தியின் கடைசி வரி: உன் இணைக்குத் தெரிய வேண்டியதில்லை.

முப்பது பேர் பார்க்கும் ஆட்டத்தின் மீது யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்டோம். நம் அறியாமை அது. 2012இலேயே அடித்தட்டுப் போட்டிகளின் நேரடி ஸ்கோரைச் சர்வதேசக் கூட்டமைப்பு ஒரு தரவு நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கியது. அங்கிருந்து அது சூதாட்ட நிறுவனங்களுக்குப் போனது. எங்கோ ஓர் ஊரில் யாரோ இருவர் ஆடும் ஆட்டத்தின் ஒவ்வொரு புள்ளியின் மீதும் உலகின் மறுகோடியில் பந்தயம் நடக்கலாம். தனிச்சார்பற்ற ஆய்வுக் குழு ஒன்று 2018இல் இதை ஆராய்ந்து, முறைகேடு வேரூன்றியிருப்பது இந்தக் கீழ்த்தட்டிலேதான் என்று கண்டது. அடித்தட்டு ஸ்கோர்களை விற்பதை நிறுத்தும்படியும் பரிந்துரைத்தது. ஆட்டக்காரனின் வருவாய் செலவுக்கே காணாது. அவன் தோல்விக்கோ வெளியே விலை இருக்கிறது. தோற்றால் பணம் இழந்தவர்கள் ஆட்டக்காரனுக்கு வசைச் செய்தி அனுப்புவதும் அன்றாடம் என்றான். சூது ஹராம் என்று வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறோம். ஆடாதவனின் வீட்டு வாசலுக்கே அது வந்து நிற்பதை அன்றுதான் கண்டோம்.

“நான் பதிலே போடவில்லை மாமா. அந்த ஆட்டத்தை ஒழுங்காகத்தான் ஆடினோம். அது போதாதா?”

போதாது என்றோம். டென்னிஸின் நேர்மைக்கான அமைப்பு வகுத்த விதியும் அதையே சொல்கிறது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. இத்தகைய அழைப்பு வந்தால் உடனே தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அவன் அஞ்சியது வேறொன்றுக்கு. தெரிவித்தால் விசாரணை வரும், தன் இணையையும் கேள்வி கேட்பார்கள், அவன் தன்னைத் தவறாக எண்ணுவானோ என்ற அச்சம். அந்த இணை கோவைப் பக்கத்துப் பையன், இந்துக் குடும்பத்தவன். முந்தைய ரமலானில் இருவரும் ஒரே விடுதி அறையில் தங்கியபோது, ஸஹருக்கு அலாரம் வைத்து நம் மருமகனை எழுப்பிவிட்டவன் அவனே.

சாட்சியத்தை மறைப்பது பற்றி மார்க்கம் சொல்வதைப் பாடமாக நடத்துவது எளிது. மூன்று வாரம் மறைத்த பிள்ளையிடம் சொல்வது எளிதன்று. அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “உன் இணை உன்னைத் திரும்பிப் பார்க்காமல் பாய்கிறானே, அது அமானத். அதை விலை பேசியவனை நீ மறைத்து வைத்திருக்கிறாய்” என்று மட்டும் சொன்னோம். வண்டி மாம்பலத்தைத் தாண்டுமுன் அவன் எழுதத் தொடங்கினான். பல்லாவரத்தில் அனுப்பிவிட்டான். பிறகு இணையை அழைத்தான். நாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு நீளவில்லை. வைத்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“அவனுக்கும் வந்திருக்கிறது மாமா. அன்றைக்கே தெரிவித்துவிட்டானாம்.”

மூன்று வாரம், இரண்டு போட்டி. எனக்கு வந்தது இவனுக்கும் வந்திருக்குமே, இவன் ஏன் வாய் திறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டே அந்தப் பையன் வலைக்கருகில் முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். மருமகன் தாம்பரம் வரை தலை நிமிரவில்லை.

அன்றிரவு மச்சானிடம் போனோம். கொடுத்த வாக்கை நிறைவேற்ற முடியவில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டோம். கணக்கு நோட்டை மறைக்கவில்லை, செய்தியையும் மறைக்கவில்லை. தங்கை அழுதாள். ஜீவனையும் விஜய் சுந்தர் பிரசாந்தையும் சொல்லி, முப்பத்தேழு வயதில் வந்த பட்டத்தையும் சொன்னோம்.

“முப்பத்தேழு வயது வரை யார் சோறு போடுவது, மச்சான்?”

நமக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. ஹலாலான தொழில்தான், ஆனால் அதில் வீடு நடக்குமா என்றால் பெரும்பாலோருக்கு நடப்பதில்லை. இதுவே நாம் கற்றது. இரண்டையும் அப்படியே அவர் முன் வைத்தோம். மகன் தானாகவே பேசினான். இரண்டு ஆண்டு, ரயிலில் போகக்கூடிய போட்டிகள் மட்டும், காலையில் சேலையூர்ப் பக்கம் சிறுவர்களுக்குப் பயிற்சி, ஆட்டமில்லாத வாரங்களில் கடையில் ஏணி ஏறுவது அவன் வேலை. இனி வீட்டிலிருந்து நகையாக ஒரு கிராமும் கேட்பதில்லை. மச்சான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைச் சாவியில் ஒன்றை மகனிடம் கொடுத்தார்.

அந்த ரமலானில் முதல் பத்து இரவுகளும் மருமகன் நமக்குப் பின்வரிசையில் நின்று தொழுதான். பதினோராம் நாள் ஒரு போட்டிக்கான பட்டியல் வெளியாக இருந்தது. நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் கைப்பேசி ஒலித்தது. காத்திருப்போர் வரிசையில் மூன்றாம் இடமாம். போவதா வேண்டாமா என்று இணையோடு பேசிக்கொண்டிருந்தவனை மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தப் பையன் என்ன சொல்கிறான்?”

“போகலாம் என்கிறான், அத்தா.”

“அப்படியானால் டிக்கெட் எடு. ஸஹருக்கு எழுப்ப ஆள் இருக்கிறதல்லவா” என்று சொல்லிவிட்டு, மஃரிப் தொழுகைக்கு எழுந்தார்.